ஹெட்லைட் போட்டால் இறங்கும் முள்: கோவையில் ஒரு மீட்டர் ரிப்பேர் கடை

பழைய வண்டி வைத்துக்கொண்டு, மீட்டர் போர்டு சரியாகக் காட்டவில்லை, நம்பி எங்கே கொடுப்பது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகள் இருக்கும் பக்கம், ஒரு சந்துக்குள், ஒரே ஷட்டர் அகலத்தில் ஒரு கடை. பெயர்ப் பலகை கிடையாது. ஷட்டரில் நீல பெயிண்டில் ‘மீட்டர் ரிப்பேர்’ என்று கையால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அங்கே என் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் மூன்று மீட்டரையும், அதாவது டெம்பரேச்சர், பெட்ரோல், ஸ்பீடோமீட்டர் மூன்றையும், சரிசெய்து ஐந்து மாதம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம், இந்த மாதிரி வேலை செய்த அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், ரெண்டு மழைக்கு அப்புறம்தான் உண்மை தெரியும். இப்போது மழையும் பார்த்தாயிற்று, வெயிலும் பார்த்தாயிற்று, வால்பாறை மட்டும் எட்டுத் தடவை ஏறி இறங்கியாயிற்று.

வண்டி 1998 மாடல் ஜிப்ஸி கிங், 1300 சிசி கார்புரேட்டர் இன்ஜின். அப்பா வாங்கிய வண்டி, இப்போது என் கையில். பொள்ளாச்சியில் இருந்து மச்சான் வீட்டுக்கு, வால்பாறைக்கு, மாதம் ஒரு தடவையாவது போய் வருவோம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் ரெண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர், வண்டி மெதுவாக ஏறும், ரேடியேட்டருக்குக் காற்று கம்மி. இப்படிப்பட்ட ரோட்டில் டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியவில்லை என்றால் ஓட்டுகிறவனுக்கு நிம்மதி என்பதே கிடையாது.

போன வருடம் கோடையில்தான் ஆரம்பித்தது. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட், அங்கே போவதற்குள் முள் முக்காலைத் தாண்டிவிடும். நிறுத்துவேன், பானட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்போம், மறுபடி ஏறுவோம், பதினைந்தாவது வளைவுக்கு மறுபடி முக்கால். கூடவே பெட்ரோல் முள்ளும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டேங்க் நிரப்பினால் ‘எஃப்’ எழுத்தையும் தாண்டிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நூறு கிலோமீட்டர் ஓடினாலும் அங்கேயே நிற்கும். பழைய வண்டி, டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைக் காட்டும் ஃப்ளோட் சிக்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். டெம்பரேச்சர் ஒரு பிரச்சினை, பெட்ரோல் வேறு ஒரு பிரச்சினை என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. அங்கேதான் பணம் போனது.

ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். சூடாகிறது என்று சொன்னதும் முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், கூலன்ட் மாற்றினார்கள். முள் அப்படியே. அடுத்து ரேடியேட்டர் அடைப்பு என்று புது ரேடியேட்டர். முள் அப்படியே. மூன்றாவது தடவை போனபோது ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு, போயிருக்கும், இன்ஜின் ஹெட்டை இறக்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். அதுவரை பதினோராயிரம் செலவாகிவிட்டது. இத்தனைக்கும் வண்டியில் ஒரு நாள்கூட தண்ணீர் கொதித்து வெளியே வரவில்லை, ஹோஸ் உப்பவில்லை, ஆயிலில் வெள்ளை நுரை இல்லை. ஒருத்தரும் இன்ஜின் நிஜமாகவே சூடாகிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

ஹெட்டை இறக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் இன்னொன்று நடந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு, அம்மாவுக்கு மூச்சு இரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. முள் கால் டேங்குக்கு மேலே காட்டுகிறது, டேங்கில் சொட்டு இல்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார், நல்ல மனிதர். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இருட்டில் ரோட்டோரமாக நின்றபோது இந்த முள்ளைச் சரிசெய்யாமல் இனி வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

டாக்ஸி ஓட்டும் நண்பர் ஒருத்தர்தான் இந்தக் கடையைச் சொன்னார். கோவையில் மீட்டர் வேலை தெரிந்தவர்கள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. வண்டிகளுக்கு மீட்டர் போர்டு தயாரிக்கும் பிரிகால் கம்பெனியே இந்த ஊர்க் கம்பெனிதான். ஆனாலும் இப்போது பெரும்பாலான இடங்களில் முழு மீட்டர் போர்டையும் மாற்றிவிடலாம் என்பதுதான் பதில். ஜிப்ஸிக்குப் புது போர்டு கிடைப்பது கஷ்டம், பழையது வாங்கினால் அதில் என்ன கோளாறு இருக்கிறதோ அதுவும் சேர்ந்து வரும்.

கடையில் ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியிருப்பார், கூட ஒரு பையன். நான் போய், வண்டி சூடாகிறது என்று ஆரம்பித்ததுமே அவர் நிறுத்தினார். “சூடாகுதுங்களா, சூடுன்னு முள்ளு காட்டுதுங்களா?” ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த கேள்வி, “பெட்ரோல் முள்ளும் சேந்து ஏத்திக் காட்டுதுங்களா?” ஆமாம் என்றேன். அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு மறக்கவே மறக்காது. “ராத்திரி ஹெட்லைட் போட்டா ரெண்டு முள்ளும் கொஞ்சம் இறங்குமே, பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன். ராத்திரியில் வால்பாறை ஏறினால் முள் அரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். ராத்திரிக் காற்று குளிர்ச்சி, அதனால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை வைத்து மத்தியானப் பயணத்தையே விட்டுவிட்டு ராத்திரியில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் சாவியை வாங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, சந்தில் நின்ற இடத்திலேயே ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ரெண்டு முள்ளும் ஒரு நூல் இறங்கின. எல்லாவற்றையும் நிறுத்தி ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தார், ரெண்டும் மெதுவாக ஏறின. “இன்ஜின் சூடு பத்து செகண்டுல இப்படி ஏறி இறங்காதுங்க. பெட்ரோலு ஹெட்லைட் போட்டாக் குறையுமா? இது கரண்டைக் காட்டுது, சூட்டைக் காட்டல.”

இதன் கணக்கை அவர் விளக்கியதை, நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஜிப்ஸிக்கு மட்டும் உள்ள கதை இல்லை. இந்த மாதிரி பழைய மீட்டரில் உள்ளே ரெண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னப் பட்டை இருக்கிறது, அதன் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், அந்த வளைவு முள்ளைத் தள்ளும். முள் சட்டென்று தாவாமல் சாவி போட்டபின் மெதுவாக ஏறுவது இதனால்தான், வளைவில் டேங்கில் பெட்ரோல் குலுங்கினாலும் முள் ஆடாமல் நிற்பதும் இதனால்தான். டேங்கில் இருக்கும் ஃப்ளோட்டும், இன்ஜினில் இருக்கும் சென்சாரும் செய்வது ஒரே வேலை, கரண்டுக்கு எவ்வளவு தடை கொடுப்பது என்பது. பெட்ரோல் நிறைய இருந்தால் தடை குறைவு, முள் ஏறும். தண்ணீர் சூடானால் தடை குறைவு, முள் ஏறும்.

ஆனால் பேட்டரி வோல்டேஜ் ஒரே அளவில் இருப்பதில்லை. இன்ஜின் நின்றிருந்தால் 12 சொச்சம், இன்ஜின் ஓடி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சுற்றினால் 14. அதை நேராக மீட்டருக்குக் கொடுத்தால் முள் வோல்டேஜோடு சேர்ந்து ஆடும். அதற்காக நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள். ஜிப்ஸியில் அது பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது, சராசரியாக 7 வோல்ட் கொடுக்கும், அங்கே இருந்துதான் பக்கத்தில் உள்ள டெம்பரேச்சர் மீட்டருக்கும் போகிறது. அதுவும் ஒரு வளையும் பட்டைதான், காண்டாக்ட் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். 25 வருடம் இப்படி ஒட்டி விட்டு, என் வண்டியில் அந்தக் காண்டாக்ட் கருகி ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. 7 வோல்ட் போக வேண்டிய இடத்தில் முழு 14 வோல்ட். ரெண்டு முள்ளும் சேர்ந்து மேலே போனதற்கு இதுதான் காரணம். ரேடியேட்டருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர் வாயால் சொன்னதோடு விடவில்லை. போர்டைக் கழற்றி, பழைய முள் வைத்த மல்டிமீட்டர் ஒன்றை எடுத்தார். டிஜிட்டல் ஏன் வேண்டாம் என்று கேட்டேன், நல்ல ரெகுலேட்டர் விட்டு விட்டுக் கொடுப்பதால் டிஜிட்டலில் எண் சும்மா தாவிக்கொண்டே இருக்கும், முள் வைத்ததில் அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்க்கலாம் என்றார். மேஜை மேல் கிடந்த வேறொரு வண்டியின் போர்டில் வைத்துக் காட்டினார், முள் துடித்தது. என்னுடையதில் வைத்தார், அசையாமல் 12க்கு மேல் நின்றது.

அப்புறம் டெம்பரேச்சர் சென்சாரையும் கழற்றினார். மீட்டர் பொய் சொல்கிறது என்பது சரி, அதனால் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது என்றார். கடை ஓரத்தில் டீ போடும் எலக்ட்ரிக் கெட்டில் இருந்தது, அதில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை ஒரு கம்பியில் கட்டி நுனி மட்டும் முங்கும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்தார். நானும் பையனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தடையை ஓம் கணக்கில் அளந்தார், 50 டிகிரியில் நூற்றைம்பது ஓமுக்குப் பக்கத்தில், 80 டிகிரியில் 52, கொதிக்கும்போது 28. பையன் ஒவ்வொன்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். சென்சார் நல்லது, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது சென்சார் ஒன்று போட்டிருந்தால் அவருக்குக் காசு, நான் கேள்வி கேட்டிருக்கவும் மாட்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது.

டேங்க் ஃப்ளோட்டும் அப்படித்தான். வயரைக் கழற்றி அளந்து பார்த்தார். டேங்க் காலியாக இருக்கும்போது 110 ஓம் பக்கம் வர வேண்டும், என் வண்டியில் 131 காட்டியது. அந்த இருபது ஓம் எங்கே இருந்து வருகிறது என்று தேடி, டேங்கில் இருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயர் போல்ட்டில் துரு பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ரிங் டெர்மினல் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கியதும் 112. அந்த வேலைக்கு நூறு ரூபாய்.

ரெகுலேட்டருக்கு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு: பழைய காண்டாக்டைத் துண்டித்துவிட்டு, வோல்டேஜை ஒரே அளவில் வைக்கும் எல்எம் 317 என்ற சின்ன ஐசி ஒன்றை வைத்து, 240 ஓம், 1.1 கிலோ ஓம் ரெண்டு ரெசிஸ்டர் போட்டு 7 வோல்ட்டுக்கு அமைத்தார், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். பொருள் விலை ஐம்பது ரூபாய்கூட வராது. ஆனால் அந்த ஐசியைப் போர்டுக்குள் அப்படியே தொங்கவிடாமல், சூடு இறங்குவதற்கு ஒரு அலுமினியத் தகடு வெட்டி அதில் முறுக்கி, போர்டின் பின்பக்கம் காற்றுப் படும் இடத்தில் வைத்தார். 14ல் இருந்து 7க்கு இறக்கும்போது மிச்ச வோல்டேஜ் எல்லாம் சூடாகத்தான் போகும், தகடு இல்லாமல் வைத்தால் கோடையில் ஐசி தானாகவே கட் ஆகும், முள் விழும், நிமிரும் என்றார். ஒன்று கவனியுங்கள், இந்த 7 வோல்ட் கணக்கு என் வண்டிக்கு. பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய மீட்டர்களில் ரெகுலேட்டர் 10 வோல்ட். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரியாமல் இதைப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள்.

அடுத்தது ஸ்பீடோமீட்டர். அது எப்போதுமே ஆடும், 40ல் போனால் முள் 35க்கும் 50க்கும் நடுவில் அலையும். அதோடு கூட்டாளி கார் பக்கத்தில் ஓடும்போது அவர் 80 என்பார், என் முள் 72 காட்டும். இதற்கு அவர் மீட்டரைத் தொடவே இல்லை, முதலில் கீழே குனிந்து டயரைப் பார்த்தார். கம்பெனி டயர் 205/70 ஆர் 15. நான் போட்டிருப்பது 235/75 ஆர் 15. பையனிடம் கணக்குப் போடச் சொன்னார், அவன் செல்போனில் போட்டுச் சொன்னான்: பழையது 668 மில்லிமீட்டர் உயரம், புதியது 733. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடும், ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர்பாக்ஸில் இருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) இருந்து ஸ்பீடோமீட்டருக்கு வரும் கேபிளுக்கு அது தெரியாது, அது பழைய சுற்றுக் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆக மீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அதிகம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஐ.நா.வின் ஸ்பீடோமீட்டர் விதியில் ஒரு மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், நிஜ வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை, ஆனால் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று இருக்கிறது. பெரிய டயர் போட்டு ஓட்டும் ஜீப், ஜிப்ஸி பலவும் இந்தக் கோட்டைத் தாண்டிய பக்கம் ஓடிக்கொண்டிருக்கலாம். டயர் கடையில் இதை ஒருத்தரும் சொல்வதில்லை. மைலேஜ் குறைந்துவிட்டது என்று நான் புலம்பிய புலம்பலிலும் ஒரு பகுதி இதுதான், கிலோமீட்டர் எண் பத்துக்கு ஒன்பது என்றுதான் ஏறிக்கொண்டிருந்தது.

முள் ஆடியதற்குக் காரணம் கேபிள். உள் கம்பியை உருவி எடுத்தார், பாதிக்கு மேல் கறுப்பாகக் காய்ந்து, ஒரு இடத்தில் இழை பிரிந்திருந்தது. புது கேபிள் போட்டு, கிரீஸைக் கீழ்ப்பக்கம் மூன்றில் ரெண்டு பங்குக்கு மட்டும் மெல்லியதாகத் தடவினார். மேல்பக்கம் ஏன் விட்டீர்கள் என்றால், கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் தானாக மேலே ஏறும், ஏறி மீட்டருக்குள் போனால் காந்தமும் அலுமினியக் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும், முள் சாவி எடுத்தாலும் கீழே வராது என்றார். முன்னால் ஒருத்தர் அப்படித்தான் அள்ளி அப்பியிருக்கிறார், என் மீட்டரைத் திறந்தபோது உள்ளே பழுப்பாகப் பிசுபிசுத்திருந்தது. அதைத் துடைத்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

மேஜை மேல் ஒரு சின்ன மோட்டார், சுற்று எண்ணிக்கை காட்டும் ஒரு கடிகாரம், இவ்வளவுதான் அவருடைய கருவி. ஜப்பான் வழி மீட்டர்களுக்கு நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60ல் நிற்க வேண்டும், இதுதான் அவருடைய அளவுகோல். என் மீட்டரை மாட்டி 637 வைத்தார், 57 காட்டியது. காந்தம் வயதுக்குக் கொஞ்சம் வலுவிழந்திருக்கும் என்றார். ஆக டயரால் ஒரு குறை, மீட்டராலேயே இன்னொரு குறை, ரெண்டும் சேர்ந்து கீழே இழுத்திருக்கிறது. முள்ளைக் கழற்றும் முன்னால் அது ஓய்ந்து நிற்கும் இடத்தை டயலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே தலைமுடி மாதிரி இருக்கும் ஸ்பிரிங்கின் பிடியை ஊசி முனையால் ஒரு மயிரிழை நகர்த்துவார், மோட்டாரை ஓட்டுவார், பார்ப்பார், மறுபடி நகர்த்துவார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்வார், அந்த நேரத்தில் பையன்கூட பேச மாட்டான். என் டயருக்குத் தகுந்தபடி 637 சுற்றில் 66ல் நிற்கும்படி வைத்துக் கொடுத்தார். 20, 40, 80, 100க்கும் ஓட்டிப் பார்த்தார். 20ல் மட்டும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அதை எடுக்கப் பார்த்தால் மேலே கெட்டுவிடும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கிலோமீட்டர் எண் பல்சக்கரத்தில் ஓடுவது, அதை ஸ்பிரிங்கால் மாற்ற முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கரம் மாற்றினால்தான் சரியாகும், இப்போதைக்கு அதை விட்டுவிட்டோம். ஓடிய தூரத்தோடு பத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிக் கொடுத்தார். நான் அங்கே இருந்தபோதே ஒருத்தர் வந்து தன் காரின் கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டார், நல்ல காசு தருவதாகவும் சொன்னார். “அது நாங்க பண்றதில்லீங்க,” என்று ஒரே வரி, தலையை நிமிர்த்தவே இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் எத்தனை பேர் அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள் என்று யோசித்தால், அந்த ஒரு வரிக்கே இந்தக் கடையைப் பத்துப் பேருக்குச் சொல்லலாம்.

பல்பு எல்லாம் மங்கலாக இருக்கிறது, எல்இடி போடுங்கள் என்று கேட்டேன். டயலுக்குப் போட்டார், ஆனால் பேட்டரி படம் போட்ட சார்ஜிங் விளக்குக்குப் போட மறுத்துவிட்டார். அந்த பல்பு வழியாகப் போகும் கரண்டுதான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது, எல்இடி போட்டால் அது போதாமல் ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாமல் போகலாம் என்றார். சாதாரண பல்பே இருக்கட்டும் என்று விட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. ஒரே நாளில் முடியும் என்றார், ரெண்டு நாள் ஆனது, ராத்திரி பஸ்ஸில் பொள்ளாச்சி வந்து மறுநாள் மறுபடி போனேன். உட்கார இடம் கிடையாது. சந்தில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு, எதிரில் சரக்கு ஆட்டோ வந்தால் பின்னாலேயே வெளியே எடுக்க வேண்டும். முள்ளுக்குப் புதிதாகப் பூசிய ஆரஞ்சு கலர் மற்ற ரெண்டு முள்ளோடு ஒட்டவில்லை, ஒன்று மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு தூசி மாட்டிக்கொண்டது, வெயில் படும்போது கண்ணில் படுகிறது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் குமிழ் முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. பில் கையால் எழுதிய சீட்டுதான், ஆறு மாதத்துக்குள் எது வந்தாலும் காசு இல்லாமல் பார்த்துத் தருகிறேன் என்று வாயால் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை, ஆனால் ஷோரூம் கார் மாதிரி பளபளப்பு வேண்டும் என்பவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மொத்தம் 2,650 ரூபாய். ரெகுலேட்டர் வேலை 700, ஸ்பீடோ திறந்து சுத்தம் செய்து அளவு வைத்ததற்கு 900, கேபிள் 450, பல்புகளும் எர்த்தும் சேர்த்து 300, டெம்பரேச்சர் மீட்டரைத் தனியாக மேஜையில் வைத்துச் சரிபார்த்ததற்கு 300. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த பதினோராயிரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

திரும்பி வரும்போதே பொள்ளாச்சி ரோட்டில் செல்போன் ஜிபிஎஸ்ஸை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தேன். முள் 60 என்றால் ஜிபிஎஸ் 60, முள் 80 என்றால் 79. கிணத்துக்கடவு தாண்டி ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைக் கணக்கு வைத்து பத்துக் கல் ஓட்டினேன், வண்டியில் 9.1 ஏறியிருந்தது. அவர் அட்டையில் எழுதியது சரி. அடுத்த ஞாயிறு நல்ல உச்சி வெயிலில் வேண்டுமென்றே வால்பாறை ஏறினேன். ஒன்பதாவது வளைவில் முள் பாதிக்குச் சற்றுக் கீழே. இருபதாவது வளைவில் அதே இடம். நாற்பதாவது வளைவிலும் அதே இடம். ஒரு இறக்கத்தில் வண்டி ஓடும்போது கொஞ்சம் இறங்கி மறுபடி பாதிக்கு வந்தது. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. மனைவி பக்கத்தில் இருந்து, இன்னும் ஏன் முள்ளையே பார்க்கிறீர்கள், ரோட்டைப் பாருங்கள் என்று சொல்லும் அளவுக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்று மட்டும் அவர் அழுத்திச் சொன்னார், அதையும் சேர்த்துவிடுகிறேன். கூட்டிக் காட்டும் மீட்டர் காசைத்தான் தின்னும், குறைத்துக் காட்டும் மீட்டர் இன்ஜினைத் தின்றுவிடும். தண்ணீர் மொத்தமும் எங்கேயாவது ஒழுகிப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், அப்போது முள் ஏறுவதற்குப் பதில் இறங்கும். அதனால் ஏற்றத்தில் முள் காரணம் இல்லாமல் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் அவருக்கும் வேலை குறையும். ஒரு முள் மட்டும் தப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்தந்த ஃப்ளோட்டோ சென்சாரோ, அதன் வயரோ. ரெண்டும் சேர்ந்து தப்பாக இருந்தால் ரெகுலேட்டர் அல்லது மீட்டர் போர்டின் எர்த். ஜிப்ஸியில் டெம்பரேச்சர் சென்சார் வயரைக் கழற்றிச் சாவி போட்டால் முள் அடியில் நிற்க வேண்டும், அந்த வயரை ரெண்டு மூன்று செகண்ட் மட்டும் எர்த்தில் தொட்டால் மேலே ஏற ஆரம்பிக்க வேண்டும், அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் மீட்டரே கருகிவிடும். டேங்க் வயரை அப்படிப் பொறி பறக்கத் தொட்டுப் பார்க்காதீர்கள், பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், அதை அவரிடமே விட்டுவிடுங்கள். இன்ஜின் நிஜமாகச் சூடாகிறதா என்று தெரிந்துகொள்ள தூரத்தில் இருந்து சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் துப்பாக்கி இப்போது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியில் காட்டினால் போதும். நான் முதலிலேயே அதை வாங்கியிருக்க வேண்டும்.

கடை காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும், ஞாயிறு கிடையாது. போனில் அறிகுறி கேட்டு விலை சொல்ல மாட்டார். மீட்டர் போர்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வண்டியோடு போங்கள், டேங்க் வயரையும் எர்த்தையும் வண்டியில்தான் பார்க்க முடியும். டயர் மாற்றியிருந்தால் பழைய அளவு என்ன, இப்போது போட்டிருப்பது என்ன என்று எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.